வரலாற்றுக்கு ஒரு வீடு: அரும்பொருளகமும் ஆவணக் காப்பகமும்

சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் ஒரு காலத்தில் ஒரு பெரும்பாறை நின்றது. உயரமும் அகலமும் ஏறத்தாழ 3 மீட்டர். 1819இல் ஆங்கிலேயர் இத்தீவில் காலூன்றிய சில மாதங்களில், காடு வெட்டிக்கொண்டிருந்த கூலியாட்கள் அதைக் கண்டனர். பாறையின் முகத்தில் சுமார் 50 வரிகள் செதுக்கப்பட்டிருந்தன. என்ன எழுத்து, என்ன மொழி என்று எவருக்கும் தெரியவில்லை. ஊரே திரண்டு போய்ப் பார்த்தது. இந்தியர் அது தங்கள் எழுத்து என்றனர். சீனர் தங்கள் எழுத்து என்றனர். அந்தக் காட்சியை முன்ஷி அப்துல்லா தமது சுயசரிதையில் எழுதி வைத்திருக்கிறார்.

1843இல் அந்தப் பாறை வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. ஆற்றின் வாயை அகலப்படுத்த வேண்டும். கோட்டைக்கும் அதிகாரிகளின் குடியிருப்புக்கும் இடம் வேண்டும். இவைதாம் காரணங்கள். பகைமையோ மத வெறுப்போ அதில் இல்லை. வேலைக்கு இடைஞ்சலாக ஒரு கல் இருந்தது, அகற்றினார்கள். செய்தி கேட்டு ஓடிவந்தவர் கர்னல் ஜேம்ஸ் லோ என்னும் அதிகாரி. சிதறிய துண்டுகளில் எழுத்து இருந்த சிலவற்றைப் பொறுக்கியெடுத்து, கல்கத்தாவில் இருந்த அறிஞர் சங்கத்துக்கு அனுப்பிவைத்தார். எஞ்சியதில் ஒரு பெரிய துண்டு காவலுக்கு நின்ற சிப்பாய்கள் உட்காரும் கல்லாகச் சில காலம் கிடந்து, பின்னர் சாலைக்குச் சரளைக்கல்லாக உடைக்கப்பட்டது என்று சொல்வார்கள்.

கல்கத்தாவுக்குப் போனவற்றில் ஒரே ஒரு துண்டு, முதல் உலகப் போர் முடிந்த காலகட்டத்தில் சிங்கப்பூருக்குத் திரும்பியது. அதுதான் இன்று தேசிய அரும்பொருளகத்தின் சேகரிப்பில் உள்ள 'சிங்கப்பூர்க் கல்'. அதில் உள்ள எழுத்தை இன்றுவரை எவரும் முழுமையாகப் படித்ததில்லை. 2019இல் வெளிவந்த, தென்கிழக்காசியத் தமிழர் பற்றிய ஆய்வுத் தொகுப்பு ஒன்றில், இயன் சின்கிளேர் என்னும் ஆய்வாளர் அக்கல்லில் 'கேசரிவ' என்னும் எழுத்துகளைக் காண முடிகிறது என்றும், சோழ மன்னர் சூடிக்கொண்ட 'பரகேசரிவர்மன்' என்னும் பட்டத்தின் ஒரு பகுதியாக அது இருக்கலாம் என்றும் எழுதினார். 'இருக்கலாம்' என்பதை அடிக்கோடிட்டுப் படிக்க வேண்டும். அந்த நான்கு எழுத்துகளைக் கொண்டு சிங்கப்பூரைச் சோழர் ஊர் என்று சாதிக்க முடியாது. முழுப் பாறையும் இருந்திருந்தால் ஒரே வாரத்தில் தீர்ந்திருக்கக்கூடிய கேள்வி, இன்னும் எத்தனை தலைமுறைக்குத் தீராமல் கிடக்குமோ!

அந்த ஒரு துண்டும் தப்பியதற்குக் காரணம், அதை வாங்கி வைத்துக்கொள்ள எங்கோ ஓர் இடம் இருந்ததுதான். கலை, பண்பாடு என்று மேடைகளில் பேசும்போது கலைஞரைப் பற்றிப் பேசுகிறோம், இரசிகரைப் பற்றிப் பேசுகிறோம், நிதியுதவி பற்றியும் பேசுகிறோம். வாங்கி வைத்துக்கொள்ளும் இடத்தைப் பற்றி அபூர்வமாகவே பேசுகிறோம்.

சிங்கப்பூரில் அந்த இடம் முறையாக உருவானது 1874இல். அரசாங்கம் பொறுப்பேற்று, ராஃபிள்ஸ் நூலகமும் அரும்பொருளகமும் என்ற பெயரில் அதை நடத்தத் தொடங்கியது. ஸ்டாம்ஃபர்ட் ரோட்டில் இன்றும் வெள்ளைக் குவிமாடத்தோடு நிற்கும் கட்டடம் 1887 அக்டோபர் 12ஆம் தேதி திறக்கப்பட்டது. விக்டோரியா மகாராணி அரியணையேறி 50 ஆண்டு நிறைந்த ஆண்டு அது. உள்ளே வைத்தவை பெரும்பாலும் விலங்குகள், பறவைகள், பூச்சிகள், மலாய்த் தீவுக்கூட்டத்து மக்களின் கைவினைப் பொருள்கள். 1892இல் மலாக்கா அருகே கரையொதுங்கிய 42 அடி திமிங்கிலத்தின் எலும்புக்கூடு 1907 முதல் 1974 வரை அங்கே தொங்கியது. அக்காலத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரும்பொருளகம் என்றாலே திமிங்கிலம்தான். பிறகு அது மலேசியாவுக்கு அன்பளிப்பாகப் போய்விட்டது. ஒரு காலனி அரசாங்கத்துக்குத் தன் ஆட்சிக்கு உட்பட்ட மண்ணில் என்ன விளைகிறது, என்ன பறக்கிறது என்று அறியும் ஆவல் இருந்தது. அந்த மண்ணில் வாழ்ந்தவர்கள் என்ன எழுதினார்கள் என்பதில் அதே அளவு ஆவல் இருந்ததாகச் சொல்ல முடியாது.

எழுதிக்கொண்டுதான் இருந்தார்கள். அதே 1887இல், ஜூன் 27ஆம் தேதி திங்கட்கிழமை, 'சிங்கை நேசன்' என்னும் தமிழ் வார இதழ் வெளிவந்தது. அதே பொன்விழாவை நினைவுகூர்ந்து தொடங்கப்பட்ட இதழ் அது. ஆசிரியர் மகுதூம் சாயபு. தீனோதய வேந்திரசாலை என்னும் அச்சகத்தில் அச்சானது. உள்ளூர்ச் செய்தி, வெளிநாட்டுச் செய்தி, வாசகர் கடிதம், கவிதை, விளம்பரம் என்று இன்றைய நாளிதழில் உள்ள பலவும் அதில் உண்டு. 1888இல் அதில் வந்த 'வினோத சம்பாஷணை' என்னும் உரையாடலை இவ்வட்டாரத்தின் முதல் தமிழ்ச் சிறுகதை என்று சொல்லும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள்; அது சிறுகதையே அல்ல என்போரும் இருக்கிறார்கள். 1887இல், அதே அச்சகத்தில், யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையைச் சேர்ந்த சதாசிவ பண்டிதரின் 'சிங்கைநகரந்தாதி'யும் அச்சேறியது. சிங்கை முருகனைப் பாடிய அந்த நூலோடுதான் இவ்வூரின் தமிழ் இலக்கிய வரலாற்றைப் பலரும் தொடங்குகிறார்கள்.

சிங்கை நேசனும் அந்தாதியும் ஏன் நம் கைக்குக் கிடைத்தன? அவற்றுக்கு முந்தியவை ஏன் கிடைக்கவில்லை? அதே மகுதூம் சாயபு 1875இல் 'சிங்கை வர்த்தமானி' என்றொரு இதழ் நடத்தியதாக அறிகிறோம். அடுத்த ஆண்டு 'தங்கை நேசன்' வந்ததாகவும் அறிகிறோம். பெயர் தெரிகிறது, காகிதம் இல்லை. 1872இல் அச்சான 'முனாஜாத்துத் திரட்டு' போன்ற ஓரிரண்டு நூல்கள் மட்டும் எப்படியோ தப்பின.

விடை ஒரு சட்டத்தில் இருக்கிறது. 1886இல் நீரிணைக் குடியேற்றங்களில் புத்தகப் பதிவுச் சட்டம் வந்தது. இங்கே அச்சாகும் ஒவ்வொரு நூலின் படிகளையும் அரசாங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும். ஒன்று லண்டன் பிரிட்டிஷ் அரும்பொருளகத்துக்குப் போகும். எந்த மொழியில், யார், எத்தனை படி அச்சிட்டார் என்ற பட்டியல் அரசிதழில் வெளியாகும். இந்தியாவில் 1867இல் வந்த சட்டத்தை ஒத்தது இது. தமிழ் வளர வேண்டும் என்ற எண்ணத்தில் எவரும் அதை இயற்றவில்லை. ஆளப்படுவோர் தங்கள் மொழியில் என்ன அச்சிடுகிறார்கள் என்று கண்காணிக்கும் நோக்கம் அதில் கலந்திருந்தது. ஆனால் எஞ்சியது என்னவோ நமக்கு நன்மை. மகுதூம் சாயபுவின் வாசகர்கள் படித்துவிட்டுப் பொட்டலம் மடித்திருப்பார்கள். லண்டன் அலமாரியில் தமிழே தெரியாத ஊழியர் ஒருவர் எண் போட்டு அடுக்கிவைத்தார். முக்கால் நூற்றாண்டுக்கும் மேல் கழித்து, இங்கிருந்த ஆய்வாளர்கள் அதைத் தேடிப் போனார்கள். நுண்படச் சுருளாக அது சிங்கப்பூர் திரும்பியது. 1890இல் நின்றுபோன ஓர் இதழை இன்று தேசிய நூலகத்தில் எவரும் படிக்கலாம்.

'சிங்கை வர்த்தமானி' சட்டத்துக்கு 11 ஆண்டுகள் முந்திப் பிறந்துவிட்டது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தாதி பாடிய புலவரின் ஊரில் நடந்ததையும் இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. 1981 ஜூன் 1ஆம் தேதி இரவு யாழ்ப்பாணம் பொது நூலகம் எரிக்கப்பட்டது. 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. அவற்றில் வேறெங்கும் படி இல்லாதவையும் இருந்தன. கட்டடத்தைத் திரும்பக் கட்டினார்கள். வேறு படி இல்லாத சுவடியைத் திரும்ப எழுத யாரால் முடியும்? ஒரு நூலின் படிகள் ஒரே ஊரில் இருக்கக்கூடாது என்பது ஆவணக் காப்பாளர்களின் பாலபாடம். அதைத் தமிழர்கள் கற்றுக்கொண்ட விதம் மிகக் கொடியது.

போர்க்காலம் வேறொரு கதையைச் சொல்கிறது. 1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. ஊரில் கொள்ளை நடக்கிறது, வீடுகள் சூறையாடப்படுகின்றன. பூமலை என்று நம்மவர் சொல்லும் தாவரவியல் பூங்காவின் துணை இயக்குநர் கார்னர் என்ற ஆங்கிலேயர், அரும்பொருளகத்தையும் நூலகத்தையும் பூங்காவின் ஆராய்ச்சிச் சேகரிப்பையும் காக்கும்படி கேட்கும் ஆளுநரின் குறிப்போடு ஜப்பானிய அதிகாரிகளிடம் போனார். சில நாள்களில் ஜப்பானிலிருந்து எரிமலை ஆய்வாளரான பேராசிரியர் தனகதாதே வந்துசேர்ந்தார். பின்னர் பிரபு குடும்பத்தைச் சேர்ந்த மார்க்கிஸ் தொகுகாவா தலைமைப் பொறுப்பேற்றார். வெற்றிபெற்றவர்களும் தோற்றவர்களும் சேர்ந்து, கைவிடப்பட்ட வீடுகளில் சிதறிக்கிடந்த புத்தகங்களை அள்ளிவந்து அரும்பொருளகத்தில் அடுக்கினார்கள். ராஃபிள்ஸின் வெண்கலச் சிலைகூட அங்கேதான் ஒளிந்திருந்தது. 1946இல் மீண்டும் வெளியே வந்தது.

போர் முடிந்ததும் சேகரிப்பு ஏறக்குறைய அப்படியே இருந்தது. கார்னருக்கு என்ன கிடைத்தது? எதிரியோடு ஒத்துழைத்தவர் என்ற பழிச்சொல். தம் தரப்பை அவர் விரிவாகச் சொல்லி ஒரு புத்தகம் வெளியிட 1981 ஆயிற்று. சக ஆங்கிலேயர்கள் சிறைமுகாமில் பட்டினி கிடந்தபோது இவர் மட்டும் நூலகத்தில் இருந்தார் என்று கோபப்பட்டவர்களைக் குறைசொல்லவும் முடியாது. ஆனாலும் அந்தச் சேகரிப்பு இல்லாவிட்டால் இந்த வட்டாரத்தின் இயற்கை வரலாற்றிலும் மானுட வரலாற்றிலும் பெரிய ஓட்டை விழுந்திருக்கும்.

ஆவணக் காப்பகத்துக்கு வருவோம். அரும்பொருளகம் பொருளைக் காக்கிறது. காப்பகம் தாளைக் காக்கிறது என்பது பொதுவான எண்ணம். சிங்கப்பூரில் தேசிய ஆவணக் காப்பகம் 1968இல் அமைந்தது. அது முதலில் அரசாங்கக் கோப்புகளுக்கான இடம். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கோப்பு எழுதியவர்கள் அனைவரும் அதிகாரிகள். 1825 முதல் இந்தியக் கைதிகள் சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டனர். செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயமும் இன்று இஸ்தானா எனப்படும் மாளிகையும் அவர்கள் கை பட்டு எழுந்தவை. எத்தனை பேர், என்ன உணவு, என்ன வேலை, என்ன தண்டனை என்பதெல்லாம் பதிவேட்டில் இருக்கின்றன. சிறையை நடத்திய மக்நேர் என்ற அதிகாரி 1899இல் ஒரு புத்தகமே எழுதினார். அந்தக் கைதிகளில் ஒருவர் தம் வாயால் சொன்ன கதை எங்கே?

இந்தக் குறையை உணர்ந்துதான் 1979இல் வாய்மொழி வரலாற்றுப் பிரிவு தொடங்கப்பட்டது. கோப்பு எழுதாதவர்களிடம் ஒலிப்பதிவுக் கருவியோடு போனார்கள். துறைமுகத் தொழிலாளி, பால்காரர், ஆசிரியர், நாடக நடிகர், போர்க்காலத்தைக் கண்டவர் என்று பலரும் தமிழிலும் பேசியிருக்கிறார்கள். நாடாவைப் போட்டுக் கேட்டால் தகவலைவிட வேறொன்று முதலில் காதில் விழும். அந்தக் காலத்துச் சிங்கப்பூர்த் தமிழ். மலாய்ச் சொல்லும் ஆங்கிலச் சொல்லும் ஊர்ப் பேச்சும் கலந்து, தஞ்சாவூரும் நாகப்பட்டினமும் மலையாளமும் ஒரே தெருவில் வாழ்ந்ததால் உண்டான ஒரு தமிழ். எந்தப் புத்தகத்திலும் அது அச்சானதில்லை. செய்தித்தாளில் எழுதும்போது திருத்திவிடுவார்கள்; மேடையில் பேசும்போது தாங்களே திருத்திக்கொள்வார்கள். நேர்காணலில் முதல் பத்து நிமிடம் செந்தமிழில் தொடங்கி, பிறகு மறந்துபோய்ச் சொந்தப் பேச்சுக்கு வந்துவிடுவார்கள். மொழியியல் ஆய்வாளருக்கு அந்தப் பத்து நிமிடத்துக்குப் பிறகு கிடைப்பதுதான் புதையல்.

தாளில் எழுத முடியாத கலைகளின் கதி இன்னும் மோசம். கவிஞர் மறைந்தாலும் கவிதை இருக்கும். நடனமணி மறைந்தால்? கே.பி. பாஸ்கர் 1952இல் சிங்கப்பூரில் நடனப்பள்ளி தொடங்கினார். அவருடைய துணைவியார் சாந்தா பாஸ்கர், சீனர்கள் போற்றும் பட்டாம்பூச்சிக் காதலர் கதையை 1958இலேயே பரதநாட்டியமாக அமைத்தார். பல இன ஒற்றுமை என்று அரசாங்கம் முழக்கமிடுவதற்கு முன்பே ஒரு மலையாளப் பெண்மணி, சீனக் கதையை இந்திய நடனத்தில் சொல்லிவிட்டார். பாஸ்கர் 2013இலும் சாந்தா பாஸ்கர் 2022இலும் மறைந்தார்கள். அவர்கள் அமைத்த அசைவுகள் மாணவர்களின் உடம்பில் இருக்கின்றன. புகைப்படத்திலும் நிகழ்ச்சி நிரலிலும் மேடை உடையிலும் ஒலிநாடாவிலும் கொஞ்சம் இருக்கிறது. நிரலை யாராவது எடுத்து வைத்திருந்தால்தான் அன்று யார் ஆடினார், யார் பாடினார், மிருதங்கம் யார் என்று தெரியும்.

தொலைக்காட்சி, வானொலியிலாவது இருக்காதா என்று கேட்கலாம். 1963இல் சிங்கப்பூரில் தொலைக்காட்சி வந்தது. ஆனால் அக்காலத்து ஒளிநாடா விலை மிகுந்த பொருள். உலகெங்கும் ஒளிபரப்பு நிலையங்கள் ஒரு நிகழ்ச்சியை ஒளிபரப்பியதும் அதே நாடாவில் அடுத்த நிகழ்ச்சியைப் பதிந்தன. லண்டன் பிபிசியே தன் புகழ்பெற்ற நாடகங்கள் பலவற்றை இப்படி அழித்துவிட்டுப் பின்னாளில் உலகம் முழுதும் தேடி அலைந்தது. பல தொடக்ககால நிகழ்ச்சிகள் நேரடியாகவே ஒளியேறின, பதிவே கிடையாது. தப்பிய நாடாக்களுக்கும் ஆயுள் உண்டு. வெப்பமும் ஈரமும் நிறைந்த நம் வட்டாரத்தில் நாடாவின் பசை இளகிப் பிசுபிசுக்கும். சினிமாச் சுருள் புளித்த காடி நாற்றம் வீசத் தொடங்கும். நாற்றம் வந்துவிட்டால் நாள் எண்ணிக்கொள்ள வேண்டியதுதான். நாடா நன்றாக இருந்தாலும் அதை ஓட்டும் கருவி கிடைப்பதில்லை. கருவி கிடைத்தால் பழுதுபார்க்க ஆள் இல்லை. ஒளிபரப்புத் துறையில் இருப்போர் இதைத் தினந்தோறும் பார்க்கிறார்கள்.

இந்த நிலையில்தான் தமிழ் மின்மரபுடைமைத் திட்டம் குறிப்பிடத்தக்கதாகிறது. சமூகத் தொண்டூழியர்களும் தேசிய நூலக வாரியமும் கைகோத்து, 1965 முதல் 2015 வரை சிங்கப்பூரில் வெளிவந்த தமிழ்ப் படைப்பிலக்கிய நூல்கள் சுமார் 350ஐ மின்னிலக்க வடிவுக்குக் கொண்டுவந்தார்கள். நாட்டின் பொன்விழா ஆண்டான 2015இல் அது பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. பின்னர் நாடகம், நடனம், இசை என்று பணி விரிந்தது. தொகுப்பில் உள்ள எல்லா நூலும் உயர்ந்த இலக்கியமா என்று கேட்பவர்கள் உண்டு. அது காப்பகத்தின் வேலை அல்ல. எது உயர்ந்தது என்று இன்றைக்கு நாம் முடிவுசெய்து மற்றதைத் தூக்கியெறிந்தால், 50 ஆண்டு கழித்து வருபவருக்கு நம் இரசனையின் குறைபாடு மட்டுமே மிஞ்சும்.

அரசாங்கம் மட்டுமே செய்யக்கூடியதும் அல்ல இது. செட்டிநாட்டுக் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் தொழில் செய்த ரோஜா முத்தையா, தனி மனிதராக இலட்சம் அளவுக்கு நூலும் இதழும் அறிக்கையும் அழைப்பிதழும் சேர்த்தார். பாட்டுப் புத்தகம், நாடக நோட்டீசு, மருத்துவக் குறிப்பு என்று மற்றவர் குப்பை என்றதையெல்லாம் வாங்கினார். அவர் 1992இல் மறைந்தபின் அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகம் அச்சேகரிப்பை வாங்கி, அமெரிக்காவுக்குக் கொண்டுபோகாமல் சென்னையிலேயே நூலகமாக அமைக்க உதவியது. அச்சுத் தமிழின் வரலாற்றை எழுத வருபவர் எந்த நாட்டவராக இருந்தாலும் அந்த வாசலை மிதிக்காமல் போவதில்லை.

அரும்பொருளகங்களுக்கும் ஒரு நெருடல் உண்டு. அங்கே இருக்கும் பொருள் அங்கே வந்த வழி சரியானதா? சிங்கப்பூரின் ஆசிய நாகரிக அரும்பொருளகம் 2007இல் உமா பரமேஸ்வரி வெண்கலச் சிலை ஒன்றை நியூயார்க் வியாபாரியிடம் ஆறரை இலட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. 11ஆம் நூற்றாண்டுச் சோழர் கலை. அரியலூர் வட்டாரத்துச் சிவன் கோவில் ஒன்றிலிருந்து அது திருடப்பட்டது என்ற தகவல் பின்னர் வெளிவந்தது. 2015இல் சிலை இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 2008இல் 50 இலட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கிய நடராசரும் இதே வழியில் வந்து, 2014இல் திரும்பிப் போனார். அந்த நடராசரை அடையாளம் காட்டியது எது தெரியுமா? புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பல்லாண்டுகளுக்கு முன் கோவில் கோவிலாகப் போய் எடுத்து, வரிசை எண் போட்டு வைத்திருந்த கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களில் ஒன்று. கோடிக்கணக்கில் பணம் கொடுத்து ஓர் அரும்பொருளகம் செய்த பிழையை, ஓர் அட்டைப்பெட்டிப் புகைப்படம் திருத்தியது.

கேம்பல் லேனில் 2015 மே 7ஆம் தேதி திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையத்துக்குப் போகிறவர்கள் ஒரு செட்டிநாட்டு மரவாசலின் முன் நின்றுவிடுவார்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தது; நுணுக்கமான உருவங்கள் மட்டும் 5,000 என்கிறார்கள். அழகில் குறையொன்றுமில்லை. ஆனால் செட்டியார்கள் இவ்வூரில் எப்படி வாழ்ந்தார்கள் என்பதை அந்த வாசல் சொல்லாது. மார்க்கெட் ஸ்திரீட்டில் வரிசையாக இருந்த கிட்டங்கிகளில், பாய் விரித்த தரையில், ஒரு மரப்பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு அவர்கள் தொழில் பார்த்தார்கள். அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று வேலை கற்றவர்கள் இரவில் அதே இடத்தில் பாய் விரித்துப் படுத்தார்கள். நகரச் சீரமைப்பில் 1970களில் அந்தக் கிட்டங்கிகள் மறைந்தன. பேரேடும் ஐந்தொகையும் எழுதிய கணக்குப் புத்தகங்கள் எங்கே போயின? மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களும் சுரங்கங்களும் கடைவீடுகளும் யார் பணத்தில் எழுந்தன என்ற பொருளாதார வரலாறே அவற்றில் இருந்தது. தப்பியவை சில குடும்பங்களின் பரண்களில் இருக்கின்றன. மீதி கரையானுக்கு.

எல்லைக்கு அப்பாலும் இதே கதைதான். கெடா மாநிலம் பூஜாங் பள்ளத்தாக்கில் பழைய கடாரத்தின் கோவில் அடித்தளங்களை 1930களில் குவாரிட்ச் வேல்ஸ் தோண்டியெடுத்து எண்ணிட்டார். மெர்போக்கில் அழகான அரும்பொருளகம் அமைந்தது. இவ்வளவு இருந்தும், தோட்ட நிலத்தில் நின்ற 11ஆம் எண் சண்டியை 2013இல் ஒரு மேம்பாட்டு நிறுவனம் இயந்திரம் வைத்து இடித்துவிட்டது. நிலம் தனியாருடையது, பட்டியலில் முறையாகச் சேர்க்கப்படவில்லை. 1843இல் ஆற்றுவாயில் நடந்ததற்கும் இதற்கும் 170 ஆண்டு இடைவெளி. காரணம் மட்டும் மாறவில்லை: வேலைக்கு இடைஞ்சல். ஆனாலும் ஒரு வேறுபாடு உண்டு. இம்முறை அந்தச் சண்டியின் அளவும் அமைப்பும் ஆய்வறிக்கையில் இருக்கின்றன. எதை இழந்தோம் என்றாவது தெரியும்.

இழப்பு பெரும்பாலும் இயந்திரத்தோடு வருவதில்லை. பெரியவர் காலமாகிறார். பிள்ளைகள் வீட்டைக் காலிசெய்ய வேண்டும். புது வீவக வீட்டில் இடம் குறைவு. பழைய ஆல்பம், தமிழர் திருநாள் அழைப்பிதழ், தொழிற்சங்கச் சந்தாப் புத்தகம், ஊரிலிருந்து வந்த கடிதக்கட்டு, கப்பல் பயணச்சீட்டு எல்லாம் காராங்குனியிடம் கிலோக் கணக்கில் போகின்றன. பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்க வராவிட்டால் போகும் வேகம் இன்னும் கூடும். கடிதத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாதவருக்கு அது வெறும் காகிதம்தானே.

அரும்பொருளகத்தார் ஒரு பொருளைப் பார்த்ததும் கேட்கும் கேள்விகள் எளியவை. யாருடையது? எப்போது, எங்கிருந்து வந்தது? எதற்குப் பயன்பட்டது? இதற்கு விடையில்லாத தங்கச் சங்கிலியைவிட, விடையுள்ள தகரப் பெட்டி அவர்களுக்கு மேல். அந்த விடை பெரியவரின் வாயில் இருக்கிறது. அவர் இருக்கும்போதுதான் வாங்க முடியும். படத்தில் இருப்பவர்களின் பெயரை அவரிடம் கேட்டு, பின்பக்கம் மென்மையான பென்சிலால் எழுதி வைக்கலாம். பேனா வேண்டாம், மை ஊறிவிடும். கிழிந்த தாளை ஒட்டுநாடா போட்டு ஒட்டுவதும், படத்தைப் பிளாஸ்டிக் உறைக்குள் சூடேற்றி மூடிவிடுவதும் நல்லெண்ணத்தில் செய்யப்படும் கொலைகள். சில ஆண்டுகளில் நாடாவின் பசை மஞ்சள் கறையாகி எழுத்தைத் தின்றுவிடும். காப்பகங்களின் பழுதுபார்ப்போர் ஜப்பானிய மெல்லிழைத் தாளையும் மாவுப் பசையையும் பயன்படுத்துகிறார்கள். வேண்டும்போது நீர் தொட்டு அதைப் பிரித்தெடுத்துவிடலாம் என்பதுதான் அதன் சிறப்பு.

மூலத்தைப் பிரிய மனமில்லாதவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. பல காப்பகங்கள் படியெடுத்துக்கொண்டு மூலத்தை உரியவரிடமே திருப்பிக் கொடுக்கின்றன. கொண்டுபோகும்போது பெட்டியைச் சுத்தம்செய்து, பயனில்லை என்று தோன்றுவதைக் களைந்து, தேதிவாரியாக அடுக்கிக் கொண்டுபோக வேண்டுமா என்று சிலர் கேட்பதுண்டு. வேண்டாம். எது எதோடு சேர்ந்து கிடந்தது என்பதும் ஒரு தகவல்தான். இருந்தபடியே கொண்டுபோனால் போதும்; களைவதையும் அடுக்குவதையும் அதற்குப் பயிற்சி பெற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.